மணல் மூட்டைக்குள் குடியிருந்தவை

சாந்தோமில் எங்கள் தெருவில் சர்க்கார் உத்தரவை எழுத்துக்கு எழுத்து மதித்தவர் மர்சலின் டீச்சர் ஒருவர்தான். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று நாற்பத்திரண்டில் ஜன்னலுக்கு வெளியே மணல் மூட்டை அடுக்கச் சொன்னார்கள், எல்லாரும் அடுக்கினோம். பயம் தணிந்ததும் நாங்கள் எடுத்துக் கொட்டிவிட்டோம். டீச்சர் மட்டும், "எடுன்னு யாரும் சொல்லலியே" என்று, கிழிந்த சாக்கைத் தைத்துத் தைத்து இரண்டு வருஷம் காப்பாற்றினார்.

அந்த ஜன்னலுக்கு உள்பக்கம்தான் பேரனின் தூளி. கணவர் போனபின் தனியாகக் கிடந்த டீச்சருக்கு, மகள் ஃப்ளோரன்ஸ் பிரசவத்துக்கு வந்த பிறகுதான் வீடு வீடாக இருந்தது.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் தூளித் துணிமேல் இடுக்கியோடு ஒரு பூச்சி ஊர்ந்தது. பார்க்க வந்திருந்த மருமகன் காஸ்பர் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டான்.

"தேள் குஞ்சு, அத்தை! நாளைக்கே ரெண்டு பேரையும் செங்கல்பட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

ஃப்ளோரன்ஸ் பெட்டியில் துணி அடுக்கத் தொடங்கினாள். டீச்சருக்கு முகமே செத்துப்போயிற்று.

கூச்சல் கேட்டு அடுத்த வீட்டிலிருந்து ஓடிவந்த நான் பூச்சியைக் கண்ணாடி டம்ளரால் மூடினேன். டீச்சர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். கரப்பானுக்கே நாற்காலிமேல் ஏறுகிற மனுஷி!

"மாப்பிள்ளை, தேளுக்கு இடுக்கி முன்னாலதானே இருக்கும்? இதுக்கு வால்ல இருக்கு. கொடுக்கே இல்ல."

"அப்போ இது காதுப்பூச்சியா? அது காதுல பூந்து மூளையைத் தின்னும்னு சொல்றாங்களே?"

"சொல்றவங்க எல்லாம் மூளையோடதானே இருக்காங்க!" என்றவர், யாரும் தடுக்குமுன் டம்ளரைத் தூக்கி விரலை நீட்டிவிட்டார். பூச்சி வாலை வளைத்து ஒரு கிள்ளு கிள்ளியது. எறும்பு கடித்த அளவுக்குக்கூட விரல் சிவக்கவில்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

எங்கிருந்து வந்தது என்று அதிகம் தேடவேண்டியிருக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஈரத்தில் மக்கிக் கிடந்த மூட்டையைப் புரட்டினேன்.

"இன்னா டீச்சர், ஒரு ஊரே குடியிருந்துகினு கீதே!"

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். மூட்டைகளை அப்புறப்படுத்தி, சுவரோரத்துச் சருகை வாரிக் கொட்டி, ஜன்னல் சட்டத்து விரிசலைச் சுண்ணாம்பால் அடைத்தோம். மிச்சமிருப்பவை வந்து ஒளியட்டும் என்று சாயங்காலம் ஈரக் காகிதத்தைச் சுருட்டி வெளிச்சுவரோரம் போட்டுவைத்தேன். மறுநாள் காலையில் அதற்குள் பதுங்கியிருந்தவற்றை வெந்நீரில் உதறினேன். வீட்டுக்குள் ஒன்றுகூட இல்லை.

காஸ்பர் தூளியை உதறிப் பார்த்தான், சுவரைத் தடவிப் பார்த்தான். "இவ இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டும், அத்தை" என்றான். டீச்சர் எங்கள் முன்னாலேயே அழுதுவிட்டார். அன்றைய ரயிலில் அவன் மட்டும்தான் போனான்.