மூன்றாம் ஓலை

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், ஊர் எல்லாம் சொல்லிவிட்டு, இவர்கள் சேர்வதற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்கலாம் என்று போதகர் சற்று நிறுத்துவார். நான் பார்த்து யாரும் எழுந்ததில்லை. அந்த இடைவெளியில் யாராவது இருமுவார்கள், அவ்வளவுதான்.

எனக்கு ஆண்கள் மேல்தான் நாட்டம் என்று வீட்டில் சொன்னபோது அம்மா அதைக் கெட்ட சகவாசம் என்று எடுத்துக்கொண்டாள். ஆணும் ஆணும் மணக்க உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்ன அன்று டிவியை அணைத்துவிட்டு, "கோர்ட்டே கிடையாதுன்னுட்டு. இனிமே நீதாம்லே மனச மாத்திக்கிடணும்" என்றாள். ராதாபுரம் பக்கத்தில் ஒரு டீச்சரைப் பெண் பார்த்துப் பேசி முடித்தார்கள். நான் தலையாட்டினேன். மாடுகூடக் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்.

முதல் ஓலை வாசித்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ காலம். இது தேர்ந்தெடுக்கிற காரியமாக இருந்திருந்தால் அந்த நிமிஷமே மாறியிருப்பேன். கண்ணை மூடி ஜெபம்கூடச் செய்தேன். ஒன்றும் மாறவில்லை.

இரண்டாம் ஓலையும் போனது. அதற்குப் பிறகுதான் அப்பாவிடம் நிறுத்தச் சொன்னேன். பெண்ணுக்கு ஏதோ உடம்புக் கோளாறு என்று சொல்லிவிடலாம் என்றார். சொல்லாவிட்டாலும் எங்கள் பக்கம் கல்யாணம் நின்றால் பேச்சு பெண் மேல்தான் விழும். எனக்கு வெட்கமாகப் போயிற்று. அவளுக்குப் போன் போடவும் துணிச்சல் வரவில்லை.

மூன்றாம் ஞாயிறு பஸ் பிடித்து அவள் ஊர்க் கோயிலுக்குப் போனேன். அப்பா இன்னும் அவர்களுக்குச் சொல்லி அனுப்பியிருக்கவில்லை; பெண் வீட்டுச் சபையிலும் வாசிப்பது வழக்கம் என்பதால் அங்கேயும் அதே ஓலை. போதகர் நிறுத்தியதும் எழுந்தேன்.

"தடை என்கிட்டதான் இருக்கு. எனக்குப் பொம்பளைப் பிள்ளைக மேல மனசு போகாது. இந்தப் பிள்ளைகிட்ட ஒரு குறையும் கிடையாது."

யாரும் இருமவில்லை. அவள் அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

வெளியே நான் செருப்பை மாட்டும்போது அவள் வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"முதல் ஓலைக்கே எந்திரிச்சிருக்கலாம்லா?" என்று மட்டும் கேட்டாள்.

இப்படிப் பிறந்ததற்காக இப்போது நான் வெட்கப்படுவதில்லை. அந்த இரண்டு ஞாயிறு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அது நானாகத் தேர்ந்தெடுத்தது.