கணக்கில் என்னைப் படுக்க வைத்தார்கள்

என் ஆயுளைக் கணினியில் போட்டுப் பார்த்த நாளில் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

அந்தமானில், திக்லிபூர் பஜாரில் எனக்கு ஒரு டிபன் கடை. விடியும் முன் அடுப்பைப் பற்றவைத்தால் மதியம் வரை தோசைக்கல் முன்னால்தான் நிற்பேன். கழுத்தில் கட்டி வந்த பிறகும் நின்றேன். போர்ட் பிளேரில் சதை எடுத்துப் பார்த்துவிட்டு, லிம்போமா என்ற புற்றுநோய், அதிலும் அபூர்வமான வகை, மெயின்லேண்ட் போய்விடுங்கள் என்றார்கள். விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. நானும் வீட்டுக்காரரும் கப்பல் ஏறினோம்.

மழைக்காலக் கடல் என்னைப் பிழிந்து எடுத்துவிட்டது. மூன்று நாளும் குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. சென்னையில் இறங்கியதும் வேறு யாராக இருந்தாலும் ஒரு லாட்ஜில் படுத்து எழுந்திருப்பார்கள். எங்களுக்கு அந்த வழக்கமே கிடையாது. திக்லிபூர்க்காரர்கள் ஒரு காரியமாகப் போர்ட் பிளேர் போனால், இறங்கிய கையோடு பையும் தூக்கமுமாக நேரே ஆபீசுக்குத்தான் போவோம். திரும்பும் கப்பலைத் தவறவிட்டால் என்ன செய்வது என்ற பயம் எங்களுக்குள் ஊறிப்போனது. அதே பழக்கத்தில் துறைமுகத்திலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். தரை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. வாசலில் கிடந்த சக்கர நாற்காலியில் என்னை உட்காரவைத்து அவர் தள்ளிக்கொண்டு போனார்.

டாக்டர் இளம் பெண். போர்ட் பிளேரில் எடுத்த ஸ்கேன், ரத்த ரிப்போர்ட் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வீட்டுக்காரரிடம் கேட்டார்: "பகல்ல எவ்வளவு நேரம் படுத்திருக்காங்க?"

"மூணு நாளா எந்திரிக்கவே இல்ல, டாக்டர்."

மனுஷன் பொய் சொல்லவில்லை. கப்பல் என்ற ஒரு வார்த்தையைத்தான் விட்டுவிட்டார்.

டாக்டர் கணினியில் ஏதோ தட்டினார். என்னைப் போன்ற பல நோயாளிகளின் நிலைமையை வைத்து, ஐந்து வருஷம் உயிரோடிருக்க எவ்வளவு வாய்ப்பு என்று அது சொல்லுமாம். சொன்னது. அந்த எண்ணை இங்கே எழுத மாட்டேன், அதற்கு நான் ஏன் இடம் கொடுக்க வேண்டும்?

"ஸ்ட்ராங்கான மருந்தை உங்க உடம்பு தாங்காதும்மா. லேசா குடுத்து, வலி இல்லாம பாத்துக்கலாம்," என்றார். அவ்வளவு மெதுவாகப் பேசினால் என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியாதா? வீட்டுக்காரர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"அதுல என்னென்ன போட்டீங்க?" என்று கேட்டேன். டாக்டர் திரையை என் பக்கம் திருப்பி ஒவ்வொன்றாகச் சொன்னார். என் வயது, நோய் பரவியிருக்கும் இடங்கள், ரத்தத்தில் இருந்தது. அவற்றோடு எனக்குச் சண்டையில்லை. கடைசியாக, பகலில் பெரும்பாலும் படுக்கையில் இருப்பவர் என்றார்.

"யாரு படுக்கையில? நாங்க இப்பதான் ஜஹாஸ்ல இருந்து இறங்கி வர்றோம் டாக்டர்! இது சீக்கு இல்ல, கப்பல் சக்கர். தலை சுத்துறது நிக்கட்டும், எந்திரிச்சுக் காட்டுறேன்."

"அரே, சும்மா இரு," என்று வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார்.

"நீங்க சும்மா இருங்க! கப்பல் ஏறுறதுக்கு முந்தி கடையில மாவு ஆட்டுனது யாரு, உங்க சித்தப்பாவா?"

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இது எனக்குத் தெரியாமப் போச்சே. நான் என்ன சொல்றேனோ அதைத்தான் இந்தக் கம்ப்யூட்டர் நம்பும். நல்லா ரெஸ்ட் எடுத்துட்டு திங்கட்கிழமை வாங்க."

திங்கட்கிழமை லிஃப்ட்டில் ஏற மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்துப் படியேறிப் போனேன். மூச்சு வாங்கியது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் போய்ச் சேர்ந்தேன். டாக்டர் என்னை நடக்கவிட்டுப் பார்த்தார், கடை வேலையைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார். பிறகு அந்த ஒரு பதிலை மட்டும் மாற்றினார். எண் ஏறியது. வானத்துக்கு ஏறவில்லை, ஆனாலும் ஏறியது. "கேரண்டி இல்லம்மா. ஆனா ஸ்ட்ராங் மருந்தே ஆரம்பிப்போம்," என்றார்.

அந்த மருந்து என்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. முடி போனது, நாக்கு செத்துப்போனது, தோசை வாசனையே குமட்டியது. முதலில் சொன்ன எண்தான் சரியோ என்று பயந்து கிடந்த நாட்களும் உண்டு. அப்போதெல்லாம் வீட்டுக்காரரைப் பிடித்துத் திட்டுவேன். பாவம், அவரும் வாங்கிக்கொள்வார். கட்டிகள் கரைந்தன. ஊருக்குத் திரும்பிக் கடையைத் திறந்தேன்.

போன முறை செக்கப்புக்குப் போனபோது டாக்டரிடம் கேட்டேன்: "மறுபடி போட்டுப் பாருங்க. இன்னும் எத்தனை வருஷம்?"

டாக்டர் சிரித்தார். "அஞ்சு வருஷம் வரைக்கும்தாம்மா இந்தக் கணக்கு. நீங்க அதைத் தாண்டிட்டீங்க. அதுக்கு மேல இதுக்கு ஒண்ணும் தெரியாது."

"அப்ப இனிமே நான் சொல்றதுதான் கணக்கு!" என்று கத்தினேன். கதவு திறந்திருந்தது. வெளியே ரிப்போர்ட்டும் கையுமாகக் காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் காதில் விழட்டும் என்றுதான் கத்தினேன்.