கூடவே இன்னொரு குச்சி

2022 பொங்கலுக்கு மறுநாள், சனிக்கிழமை. என்னோடு வேலை பார்த்த நண்பரைப் பார்க்க, சிங்கப்பூரின் மேற்குப் பக்கம் பூன் லே போயிருந்தேன். சிறுநீரக மாற்று சிகிச்சை முடிந்து வீட்டிலிருந்தார். அவருக்குச் சாதாரணச் சளியே ஆபத்து.

அவர் மனைவி வாசலுக்கு வெளியே காரிடாரில் மடக்கு மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். குள்ளமான உருவம், கடிகாரத்தை மணிக்கட்டின் உட்பக்கம் கட்டியிருந்தார். மேசைமேல் வீட்டிலேயே கொரோனா சோதித்துப் பார்க்கும் ஏஆர்டி கிட் இரண்டு.

"ரெண்டு எதுக்கு?" என்றேன்.

"ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு எனக்கு. போன மாசம் இவரோட அண்ணன் வந்தாரு. குச்சியை நீட்டினதும், 'என்னையே சந்தேகப்படுறியா?'ன்னு கோவிச்சுக்கிட்டுத் திரும்பிப் போயிட்டாரு. அதுலேருந்து யாரு வந்தாலும் நானும் கூடவே செஞ்சுக்கிறேன். விருந்தாளியைத் தனியா சாப்பிட விடுவோமா?"

இருவரும் ஒரே நேரத்தில் மூக்கில் குச்சியை விட்டுக் கண் கலங்கினோம். உள்ளிருந்து நண்பர், "இன்னுமா ஆகல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

எனக்கு ஒரு கோடு. அந்த அம்மாளுக்கு இரண்டு, தொற்று இருந்தது.

கொஞ்ச நேரம் கடிகாரத்தையே பார்த்தார். பிறகு எழுந்து, ஒருக்களித்திருந்த கதவை வெளியிலிருந்து சாத்தினார்.

"ஏங்க, நான் உள்ள வரல. மகளை வரச் சொல்றேன். கதவைத் திறந்துடாதீங்க."

நாற்காலியை என்னிடமிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டு சொன்னார்: "மன்னிச்சுக்குங்க, உங்களுக்கு ஒரு காப்பிகூடக் குடுக்க முடியல."

நண்பருக்குத் தொற்று வரவில்லை. அன்று அவர் மனைவிக்கு ஒரு தும்மல்கூட இல்லை. நான் போகாதிருந்தால் சோதித்துப் பார்த்திருக்கவே மாட்டார். நண்பரைக் காப்பாற்றியது அந்த அம்மாளின் ஜாக்கிரதையா, உபசாரமா என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை.