ஆரம்பித்த இடத்துக்கு வராத கோடு

கைப்பிடியைச் சுற்றினால் காகிதத்தில் பேனாவால் தானாகப் பூ வடிவக் கோலம் வரையும் இயந்திரம் ஒன்றைச் செய்ய ஆறு மாதமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பகலெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் எனக்கு அது ஒரு பைத்தியம். பல்சக்கரங்களைப் பிளைவுட்டில் வெட்டித் தந்தவர் பெங்களூரை அடுத்த சந்தாபுராவில் லேசர் கட்டிங் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா, கோலார் தங்கவயல்காரர்.

எல்லாவற்றையும் பூட்டிச் சுற்றினேன். கடைசிச் சுற்றில் பேனா ஆரம்பித்த இடத்துக்கு வரவில்லை. ஒரு நெல்லளவு தள்ளி நின்றது. சக்கரத்தில் பல் பிசகிவிட்டது என்று முடிவுகட்டி, மனைவியையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போய், நாலு பேர் முன்னால் அந்த அக்காவிடம் கத்தினேன். அவர் சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"விடுங்க சார், வேற வெட்டித் தரேன்" என்றார். தந்தார்.

புதுச் சக்கரத்திலும் அதே இடைவெளி. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தேன். பல்லுக்குப் பல் பொருந்தியது. பேனாவைப் பிடித்திருக்கும் இயந்திரக் கையின் திருகாணியை நான்தான் சரியாக முறுக்கவில்லை.

சனிக்கிழமை தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"அன்னிக்கே தெரியும் சார். பழசுல பல்லு சரியாத்தான் இருந்துச்சி."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"வீட்டம்மா பக்கத்துல நின்னுனு இருந்தாங்க. அவங்க எதிர்ல எப்பிடி சார் சொல்றது?"

இயந்திரம் பிசகாமல் வரைந்த முதல் படம் இப்போது எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்களிடம் மனைவி, "கடைக்காரம்மா தப்பா வெட்டிட்டாங்க, இவர்தான் கண்டுபிடிச்சார்" என்று பெருமையாகச் சொல்கிறாள். நான் இதுவரை மறுத்ததில்லை. இதை எழுதி முடித்ததும் அவளிடம்தான் முதலில் படிக்கக் கொடுக்கப்போகிறேன்.