விறகுக் கொட்டகைக் குருவிகள்

அந்த வருஷத்து வாலாட்டிக் குருவிக்காக நான் தினமும் ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓணம் கழிந்து, மழை கொஞ்சம் ஓய்ந்தால் அது வந்துவிடும். போன வருஷம் அப்படித்தான் வந்தது. அதற்கு அத்தாட்சி எங்கள் விறகுக் கொட்டகையின் பலகையில் நான் கரியால் கிழித்திருந்த ஒரு கோடு.

கரியால் ஏன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். நான் பிறந்த ஊர் கல்பாத்தி. கல்யாணமான மூன்றாம் வருஷம் இவருக்குச் சித்திரபுரத்தில் மின்சார ஆபீஸ் உத்தியோகம் ஆகி மலையேறினோம். ஐம்பதுகளின் நடுவில். கல்பாத்தியில் மாதவிலக்கு நாட்களில் உட்கார்ந்திருக்கக் கொல்லைப்புறத்தில் தனி அறை இருந்தது. பேச்சுத் துணைக்குப் பெண்டுகள் இருந்தார்கள். குவார்ட்டர்ஸில் இருந்தது ஒரு அறை, ஒரு அடுக்களை. ஆகவே மாதம் மூன்று நாள் எனக்கு விறகுக் கொட்டகை. மூன்று பக்கம் பலகை, ஒரு பக்கம் காடு. அந்த நாட்களில் புத்தகம், காகிதம் தொடக்கூடாது, அது சரஸ்வதி. கரியைத் தொடலாம், கரிக்கு எந்தத் தெய்வமும் இல்லை போலிருக்கிறது. கண்ணில் பட்ட குருவிக்கெல்லாம் பலகையில் ஒரு கோடு போடுவேன். நாலாம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு எல்லாவற்றையும் நோட்டில் எடுத்தெழுதுவேன்.

பால் கொண்டுவருகிறவள் தேயிலைத் தோட்டத்துக் கூலிக் குடியிருப்பான லயத்தில் இருப்பவள், திருநெல்வேலிப் பக்கம். என் வயதுதான். பலகையைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள்.

"குருவிக்குப் பேரேடு எழுதுதீயளாக்கும்! நல்ல பொழப்புத்தாம்மா!"

பொழுது போக என்று நான் சொன்னேன். அது பொய். பயம் போகத்தான் எழுதினேன். வெயில் இருக்கும்போதே திடீரென்று மேகம் இறங்கி எதிரிலிருக்கும் மரத்தை விழுங்கிவிடும். உள்ளேயிருந்து ஏதோ கனைக்கும், ஏதோ ஒடியும். அப்போது ஒரு கொண்டைக் குருவி வந்து உட்கார்ந்து, அதற்கு ஒரு கோடு போட்டால், சரி, தெரிந்தவர் ஒருவர் வந்திருக்கிறார் என்று மூச்சு வரும். அவ்வளவுதான் என் பறவை ஞானம்.

அந்த மாதம் பயம் அதிகம். பால்காரி முந்தின வாரம்தான் சொல்லியிருந்தாள், லயத்து நாயைப் புலி கொண்டுபோய்விட்டது என்று. அங்கே சிறுத்தைக்கும் புலி என்றுதான் பெயர். இவரிடம் சொன்னேன். "புலியாவது கிலியாவது! காட்டுப் பூனையாக்கும். நீ குழந்தையைப் பயமுறுத்தாம இரு, கேட்டியா?" என்றார். குழந்தைக்கு அப்போது மூன்றரை வயசு.

குழந்தையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். விலக்கு நாளில் அவள் என்னைத் தொடக்கூடாது. ஆனால் தீட்டு துணிக்குத்தான், தோலுக்கு இல்லை என்று எங்களில் ஒரு சௌகரியம் உண்டு. உடம்பில் துணியில்லாத குழந்தை அம்மாவிடம் வரலாம். அதனால் இவர் ஆபீஸ் போனபிறகு அவளுக்கு என் மடி வேண்டுமென்றால், கவுனைக் கழற்றி அடுக்களைப் படியில் போட்டுவிட்டு அந்தக் குளிரில் வெறும் மேனியாக ஓடிவருவாள். முதுகில் மூன்று பித்தான். அதை அவளே கழற்றப் பழக்கியவள் நான். சமர்த்து என்று மெச்சிக்கொண்டேன். என் வாயில் மண்ணைப் போட!

இரண்டாம் நாள் காலை. இவர் ஆபீஸுக்குப் போயாயிற்று. மேகம் இல்லை, நல்ல வெயில். ஓடைக் கல்மேல் மஞ்சளாக ஏதோ வந்து இறங்கி, வாலை மேலும் கீழும் ஆட்டியது. வந்துவிட்டது! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, என்ன பைத்தியம் பாருங்கள். எங்கேயோ வடக்கே பனி மலையிலிருந்து வருகிறதாம். எனக்கோ கல்பாத்திக்குப் போய் எட்டு மாதம்.

"பாப்பா, ஓடி வா, வாலாட்டி வந்துடுத்து!" என்று கூப்பிட்டேன். ஆமாம், நான்தான் கூப்பிட்டேன்.

அவள் கவுனோடேயே வெளியே வந்து படியிறங்கினாள். அடுக்களையிலிருந்து கொட்டகைக்கு இருபதடி இருக்கும். இடது பக்கம் முழுக்க உண்ணிச்செடிப் புதர். நான் கரியை எடுத்து ஒரு கோடு போட்டேன். நிமிர்ந்தால் புதரோரப் புல்லிலும் ஏதோ மேலும் கீழும் ஆடியது. அடடே, ஜோடியாக வந்திருக்கிறது! இரண்டாவது கோடு போடக் கையைத் தூக்கினேன்.

அப்போதுதான் தவிட்டுக் குருவிகள் கத்த ஆரம்பித்தன. முதலில் ஒன்று, பிறகு ஐந்தாறு, தொண்டை கிழிய. கொண்டைக் குருவிகளும் சேர்ந்துகொண்டன. எல்லாம் அந்தப் புதருக்கு மேலேயே, கீழே பார்த்துக்கொண்டு. ஓடைக் கல்லிலிருந்த வாலாட்டி பறந்துவிட்டது. புல்லில் ஆடியது மட்டும் பறக்கவில்லை. அது குருவியின் வால் இல்லை. கறுப்பு நுனியும் வெள்ளை அடியுமாக, என் கட்டைவிரலைவிடத் தடிமனாக இருந்தது. அதற்குப் பின்னால் இலைக்குள்ளே புள்ளிகள் இருந்தன.

  குழந்தை புதருக்கு நேராக நடுமுற்றத்தில் நின்று, அண்ணாந்து குருவிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க வா! ஓடி வாடீ!"

ஓடிவந்தாள். நாலடி வந்தவள் நின்றுவிட்டாள். என்னைப் பார்த்தாள். "கவுன்," என்றாள். இரண்டு கையையும் முதுகுக்குக் கொண்டுபோய்ப் பித்தானைத் தேடினாள்.

இதை நான் எழுதத்தான் வேண்டும். நான் அப்போது பாயவில்லை. "சீக்கிரம் கழட்டு!" என்று கத்தினேன்.

அவள் முதல் பித்தானைக் கழற்றினாள். இரண்டாவது மாட்டிக்கொண்டது. புல்லில் அந்த வால் ஆட்டத்தை நிறுத்தியது. நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன், பெற்ற தாய், ஒரு பித்தானுக்காகக் காத்துக்கொண்டு! எத்தனை நேரம் என்று கேட்காதீர்கள். ஒரு மூச்சு இருக்கும். எனக்கு அது முடியவே இல்லை.

பிறகு எப்படி ஓடினேன் என்று தெரியாது. வாயில் என்ன சத்தம் வந்தது என்றும் தெரியாது. அவளைக் கவுனோடு வாரி மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பினேன். புதரிலிருந்து இருமல் மாதிரி ஒரு சத்தம் வந்தது, இலை சிதறியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கொட்டகை மூலையில் விறகுக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்து, கையில் ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டேன். அடுக்களைக் கதவு திறந்துதான் கிடந்தது, ஆனால் அந்த இருபதடியைக் கடக்க எனக்குத் தைரியமில்லை.

அது எங்கே போகிறது என்பதைக் குருவிகள் சொல்லின. புதரிலிருந்து ஓடை தாண்டி, மேட்டில் ஏறி, கத்தல் மரம் மரமாக நகர்ந்தது. தூரப் போகப்போக எனக்கு நடுக்கம் அதிகமாயிற்று.  குழந்தை அழவில்லை. "அம்மா, நான் கழட்டலையே, அடிப்பியா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். 

மத்தியானம் இவர் சாப்பிட வந்தார். அவர் பார்த்தது மடியில் கவுனோடு குழந்தை.

"என்னடி பண்ணிண்டிருக்கே! குழந்தையைத் தொட்டுண்டு! புத்தி கெட்டுடுத்தா உனக்கு?"

நான் புதரைக் காட்டினேன். புதரடியில் போய்ப் பார்த்தார். ஈர மண்ணில் தடம் இருந்திருக்கிறது. வெகுநேரம் குனிந்தபடியே நின்றார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ரத்தமில்லை.

"ரெண்டு பேரும் உள்ள வாங்கோ."

"எனக்கு இன்னும் மூணு நாள் ஆகலையே," என்றேன். பாருங்கள், அப்போதும் அதுதான் வாயில் வந்தது. புலி மேட்டில் இருக்கிறது, எனக்கு அடுக்களைப் படியை மிதிக்கப் பயம்.

அவர் குழந்தையைத் தூக்கக் குனிந்தார். அவள் வீரிட்டாள். "அப்பா, தொடாதே! நீ சட்டை போட்டுண்டிருக்கே! கழட்டு!"

அவர் கழற்றவில்லை. ஆபீஸ் சட்டையோடேயே அவளை ஒரு கையில் அள்ளி, மறு கையால் என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். விலக்கு நாளில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அடுக்களையில் உட்காரவைத்துக் கதவைத் தாழிட்டார்.  அதன் பிறகு என்னைக் கொட்டகைக்குப் போகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது என் பெண்ணுக்கே பேரன் பேத்தி இருக்கிறார்கள். இந்தக் கதையை அவள் அவர்களுக்கு அபிநயத்தோடு சொல்வாள். புலி வந்தது, குருவியெல்லாம் கத்தினது, எங்கம்மா ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து என்னைத் தூக்கினாள் என்பாள். குழந்தைகள் என்னைப் பார்த்துக் கை தட்டும். கழட்டு என்று நான் கத்தியதை மட்டும் அவள் சொல்வதே இல்லை. நினைவில்லையா, தெரிந்தே விட்டுவிடுகிறாளா, எனக்குத் தெரியாது. கேட்கப் பயமாக இருக்கிறது.