பெரியம்மாவுக்கு யாரும் ஐஸ் வைக்க முடியாது

மாதம்மாள் பெரியம்மா போய்விட்டார் என்று அம்மா போனில் சொன்னபோது, என் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி, "அப்போ ஃப்ரிட்ஜ் யாருக்கு?" என்பதுதான். அம்மா அழுதுகொண்டே என்னைத் திட்டினாள். திட்ட வேண்டியதுதான். ஆனால் அரூரில் எங்கள் தெருவில் இருப்பவர்களே, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். உங்களுக்கும் அதுதானே முதலில் தோன்றியது?

அந்த ஃப்ரிட்ஜ் என்னைவிட ஒரு வயது மூத்தது. அதனாலோ என்னவோ, அதற்கு என்னைவிட மரியாதை அதிகம். சுவரை ஒட்டி வைக்கக் கூடாது, அதன் முதுகுக்குக் காற்று வேண்டும். சூடான குழம்பு உள்ளே போகக் கூடாது. மாதம் ஒருமுறை பெரியம்மா ஐஸைக் கரையவிட்டு, பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டைக் கழுவி, கதவு ரப்பரை மடிப்பு மடிப்பாகத் துடைப்பார். ஆயுத பூஜையன்று ஃப்ரிட்ஜுக்குப் பெரிய பொட்டு. செத்துப்போன பெரியப்பாவின் படத்துக்குச் சின்னப் பொட்டு. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு யாராவது நின்றால் போதும், அடுப்படியிலிருந்து குரல் வரும்: "எடுக்கறத யோசிச்சுட்டுத் தொற. தொறந்துட்டு யோசிக்காத!"

ஒருமுறை எதிர்வீட்டு அக்கா மாவுப் பாத்திரத்தோடு வந்து, "உங்க ஃப்ரிட்ஜ் மாதிரி சுத்தமா நான் எங்கயுமே பாத்ததில்லீங்கக்கா" என்று தொடங்கினார்.

"எனக்கு ஐஸ் வெக்காத. உள்ளயே நெறைய இருக்குது" என்று கதவைச் சாத்தினார் பெரியம்மா.

மாவு புளித்தது. அதற்கு முன்பே அக்காவின் முகம் புளித்துவிட்டது.

எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் ஒரே வாசல், ஒரே குழாயடி. நான் பத்தாவது படித்தபோது, அவர் ஃப்ரிட்ஜின் கதவோரம் இருக்கும் விளக்கு சுவிட்சை டேப் போட்டு அமுக்கி ஒட்டிவிட்டேன். கதவைத் திறந்தால் இருட்டு. பெரியம்மா புது பல்பு போட்டார், எரியவில்லை. மெக்கானிக் வந்தார். டேப்பை உரித்து பெரியம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். ஜிகினா டேப். தெருவில் என்னைத் தவிர வேறு யாரிடமும் கிடையாது. பெரியம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் காலை குழாயடியில் நான் பல் துலக்கி முடிக்கும்வரை பொறுமையாக நின்றார். பிறகு, "கதவு ரப்பர் இடுக்குல கறுப்பு கறுப்பாப் பூஞ்சை. நேத்து உன் பிரஷ்ல தேச்சேன், என்னமாப் போவுதுடி!" என்றார். நான் ஓங்கரித்துக்கொண்டிருக்கையில், "இட்லி திங்கறியா?" என்று வேறு கேட்டார்.

என்னிடமே இப்படியென்றால், பெற்ற மகளைக் கேட்க வேண்டுமா? கல்பனா அக்கா பள்ளியில் படிக்கும்போது, ஃப்ரீசரில் ஒட்டிக்கொண்ட ஐஸ் தட்டைக் கத்தியால் நெம்பி ஓட்டை போட்டுவிட்டாள். புஸ்ஸென்று கேஸ் முழுக்க வெளியேறியது. பிறகு வளர்ந்து, தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டு அவளும் வெளியேறினாள். பெரியம்மா தெருவுக்கே கேட்கச் சொன்னார்: "ஓடிப்போனதக்கூட மன்னிப்பேன். கத்தி வெச்சத மன்னிக்க மாட்டேன். நான் செத்தாலும் அவ எம் மூஞ்சில முழிக்கக் கூடாது." எல்லோரும் சிரித்தோம். அது வேடிக்கையல்ல என்று, ஐந்து வருடம் அவர் மகளிடம் பேசாமலே இருந்தபோதுதான் மெல்லப் புரிந்தது.

உயிரோடு இருந்தவரை யாராலும் ஐஸ் வைக்க முடியாதவரை, கடைசியில் ஐஸ் பெட்டியில் வைத்தோம். மஸ்கட்டிலிருந்து கல்பனா அக்கா வந்து சேரும்வரை உடல் தாங்க வேண்டும். ஆனால் வந்தவர்கள் எல்லோரும் கண்ணாடி மூடியைத் தூக்கித் தூக்கி அழுதார்கள். ஈர மாலைகளின் தண்ணீர் மூடியின் ரப்பரில் சொட்டியது. மறுநாள் மத்தியானம் அக்கா ஓடிவந்து பெட்டிமேல் விழுந்தபோது, மூடி உறைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடியின் உட்புறம் வெள்ளையாகப் பனி. முகம் தெரியவில்லை.

"எங்கக்கா சொன்னது பலிச்சிருச்சு பாத்தீங்களா? எடுங்கப்பா, பொழுதோட போவணும்" என்றார் பெரியம்மாவின் தம்பி, எங்கள் மாமா.

"ஒரே ஒருக்கா மூஞ்சியப் பாத்துக்கறேன் மாமா. காலுல வேணும்னாலும் வுழறேன்" என்று கெஞ்சினாள் அக்கா.

மாமா சலித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "போயி கத்தி எடுத்தா. நெம்பிப் பாக்கலாம்."

எடுத்து வந்தேன். மாமாவிடம் கொடுக்கவில்லை. கல்பனா அக்காவிடம் நீட்டி, "இந்தாக்கா, உனக்குத்தான் பழக்கம்" என்றேன்.

இரண்டு பேர் சிரித்தே விட்டார்கள். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அன்று நான் வாயைத் திறந்துவிட்டு யோசித்தேன்.

அவள் கத்தியைத் தொடவில்லை. குனிந்து பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். "கத்தி வேணாம். பிளக்கப் புடுங்கிட்டு கம்முனு உக்காரணும். அம்மா அப்பிடித்தான் சொல்லும்" என்றாள். மாமா கத்தினார். அவள் காதில் வாங்கவில்லை. துப்பட்டா நுனியால் ரப்பரை மடிப்பு மடிப்பாகத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் மாமாவும் அடங்கினார். மேளக்காரர்கள் டீ குடிக்கப் போனார்கள். பனி தண்ணீராகி வழிந்தது. முதலில் நெற்றி தெரிந்தது, பிறகு புருவம். மூடி தானாகவே விட்டுக்கொடுத்தது.

கண் மூடியிருந்தும், புருவத்தைச் சுருக்கி, பெரியம்மா எப்போதும்போல முறைத்துக்கொண்டிருந்தார். சாவுகூட அதைச் சரிசெய்யவில்லை.

"இன்னமும் மொறைக்குது" என்றாள் அக்கா.

"ரப்பர்ல எங்கயாச்சும் அழுக்கு இருக்கும்க்கா" என்றேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் உடைந்து, தெருவே திரும்பிப் பார்க்கும் அழுகையானது.

ஃப்ரிட்ஜ் இப்போது எங்கள் வீட்டில். ஊருக்குக் கிளம்பும்போது அக்காதான் கொடுத்துவிட்டுப் போனாள். அதன் ரப்பரைத் தேய்க்கவென்று, பெரியம்மா தேய்த்த அந்தப் பழைய பிரஷையும் நான் தூக்கிப்போடாமல் வைத்திருக்கிறேன். போன வாரம் ஐஸ் ஏறிவிட்டது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கதவைத் திறந்து வைத்து, கம்மென்று உட்கார்ந்தேன். வாயாடி என்று பெயரெடுத்தவள், அது கரைந்து முடியும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.