வெற்றிலைச் சிவப்பு

பாம்பைக் கண்டால்கூட ஒதுங்காத பூவராகவனுக்கு, கெமிஸ்ட் சாலமோனைக் கண்டால் பயம்.

எழுபத்து மூன்றாம் வருஷம் நெல் வயலை விட்டுக் காக்களூர்ப் பக்கத்து மருந்துக் கம்பெனிக்கு வந்தவன் அவன். மருந்துக் கம்பெனி என்று பேர்தான், ஒரு மாத்திரைகூட அங்கே உருளாது. காய்ச்சல் மாத்திரைக்கு முந்தைய படியாக ஒரு மஞ்சள் தூள் தயாராகும். அதை அள்ளி டிரம்மில் அடைப்பது அவன் வேலை. தோல் வழியாகவே உள்ளே போய் ரத்தத்தைக் கெடுக்கிற பாழாய்ப்போன தூள். உதடு நீலம் பாரித்துவிடும். அதனால் தினமும் காலையில் கேட்டில் நின்று, ஒவ்வொருவர் உதடாகப் பார்ப்பார் சாலமோன். நீலம் தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். மூன்றாவது தரம் சீட்டு கிழிந்துவிடும்.

பூவராகவன் ஏற்கெனவே இரண்டு தரம் அப்படி வீட்டுக்குத் திரும்பியிருந்தான். மூன்றாவதுக்குப் பயந்து, டீக்கடையில் நாஷ்டா முடித்ததும் வெற்றிலை போட ஆரம்பித்தான். சிவந்த உதட்டில் நீலம் எங்கே தெரியும்? இந்தக் கெட்டிக்காரத்தனத்தை, கூட வேலை செய்த மச்சினன் மாரியப்பனுக்கும் சொல்லிக்கொடுத்தான்.

சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம், சட்டையைக் கழற்றிப்போட்டுத் தூள் அள்ளிய மாரியப்பன் சுருண்டு விழுந்தான். ஓடிவந்த சாலமோன் முதலில் உதட்டைத்தான் பார்த்தார்.

"செவப்பாத்தானே இருக்கு. வெயில் மயக்கம். நெழல்ல படுக்க வச்சு மோர் குடுங்க."

மாரியப்பனுக்கு மூச்சு இழுத்தது. பூவராகவன் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் மச்சினன் போய்விடுவான். மனைவி குணசுந்தரி முகத்தில் எப்படி விழிப்பான்? அப்படியும், வெட்கக்கேடு, முதலில் மோர் எடுக்கத்தான் ஓடினான்.

பிறகு துண்டை நனைத்து மாரியப்பனின் வாயை அழுத்தித் துடைத்தான். சிவப்பு போனதும், உதடு நாவல்பழமாக இருந்தது.

"வெத்தல சார். உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு நாந்தான் போட்டுக்கச் சொன்னேன்."

அறையக் கை ஓங்கிய சாலமோன், அதை விட்டுவிட்டு வண்டியைக் கூப்பிட்டார்.

திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் ஊசி ஏறிய பிறகுதான் மாரியப்பனுக்கு மூச்சு சீரானது. "இந்தத் தூளைத் தொட்டவங்க வேற யாராவது இருக்காங்களா?" என்று டாக்டர் கேட்டார். பூவராகவன் தன் விரல்களை வேட்டி மடிப்புக்குள் இழுத்துக்கொண்டான். நகமெல்லாம் நீலம் பாரித்துக் கறுத்திருந்தது. காலையிலேயே அவன் பார்த்ததுதான்.

மாரியப்பன் மெல்லக் கண்ணைத் திறந்தான்.

"மாமா, இன்னாத்துக்கு ஒளிக்கிற? நீயும் தொடச்சிக்கோ."

பூவராகவன் பயத்தில் அழுதுகொண்டே, அதே துண்டால் தன் வாயைத் துடைத்தான்.